ஏழு கறுப்பு, ஒரு பச்சை

மேற்குக் காற்று நேற்றிரவு வேலையை முடித்துவிட்டது.
காலை ஆறு மணி.
துறைமுகத் தெருவின் குப்பைத்தொட்டிகளில்
தலைகீழாய்ச் செருகிக் கிடக்கின்றன
பெர்கன் நகரத்துக் குடைகள்:
கால் ஒடிந்தவை, விலா முறிந்தவை,
உட்புறம் வெளியே திரும்பி
வாய் பிளந்தவை.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்கிறவர்கள்
தூற்றிக்கொள்ளட்டும்.
நான் காற்று ஓய்ந்தபின் வருகிறவள்.
கம்பி வெட்டும் குறடு ஒன்று,
தோளில் உருளைக்கிழங்குச் சாக்கு.
எட்டு நுனியிலும் நறுக்கி ஒரு இழுப்பு.
மீன்தோல் உரிவதுபோல வந்துவிடும் துணி.
இதை யாரும் கற்றுத்தரவில்லை,
பதினோரு வருடம் மீன் ஆலையில் நின்ற கை.

குளியல் தொட்டியில் ஊறப்போடுவேன்.
தண்ணீர் ஏறாத துணியைத்
தண்ணீரில் ஊறவைக்கிறாளே என்று
மாடிவீட்டு தூர்லைவ் சிரிப்பார்.
துரு போக எலுமிச்சை,
தொட்டி நாற்றம் போக வினிகர்,
அப்புறம் கொடியில்
எட்டெட்டாய் முக்கோணங்கள்:
கறுப்பு, கறுப்பு, கறுப்பு,
வங்கியின் பெயர் போட்ட நீலம்,
கறுப்பு,
ஏதோ ஒரு குழந்தையின் குடையிலிருந்து
தவளைக் கண்.

எட்டு முக்கோணத்துக்கு ஒரு பை.
மிச்சத்தில் சைக்கிள் இருக்கைக்கு உறை,
குளிக்கும்போது தலைக்குத் தொப்பி,
சோப்புக்கட்டிக்குச் சுருக்குப்பை.
தவளைக் கண்ணை மட்டும் விற்கவில்லை.
என் சன்னல் பூந்தொட்டியின் இடுப்பில் சுற்றி
தெருவைப் பார்க்க விட்டிருக்கிறேன்.

பருத்தி நல்ல சுபாவம்.
கோணலாய்த் தைத்துவிட்டால் பிரித்து
நகத்தால் நீவினால் போதும்,
இழைகள் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும்.
குடைத்துணி அப்படியில்லை.
ஊசி போன இடம் போன இடம்தான்.
அதனால் குண்டூசி குத்துவதில்லை நான்,
துணி உலர்த்தும் கவ்விகளால் பிடித்து
மூச்சையும் பிடித்துக்கொண்டு
மிதிக்கிறேன்.

சனிக்கிழமைச் சந்தை.
'ஹெர்டிஸ் தையல்' என்று எழுதிய பலகைக்கு முன்னால்
மழைக்கோட்டில் நாய் முடியோடு ஒருவர்.
நாற்பது இருக்கும்.
ஒரு பையை எடுத்தார், வைத்தார்,
மறுபடி எடுத்தார்.
ஏழு கறுப்பு, ஒரு பச்சை.
"இந்தப் பச்சை என்னுடையது."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், ஊரில்
எல்லாரும் குடை தொலைத்தவர்கள்.
ஆனால் இவர் விரல் நேரே போய் நின்றது
சிகரெட் சுட்ட ஓட்டையில்.
நகப்பூச்சு வைத்து நான் அடைத்த ஓட்டை.
"சிகரெட் அவளுடையது" என்றார்.
"டிராம் நிறுத்தத்தில்
ஒரே குடைக்குள் நின்று
பிரிந்துவிடலாம் என்று பேசினோம்.
நல்லபடியாகத்தான் பேசினோம்.
பேசி முடித்ததும்
குடையை யார் கொண்டுபோவது என்று தெரியவில்லை.
அதை வேலியில் மாட்டிவிட்டு
அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
நனைந்துகொண்டே போனோம்."

இந்த ஒரு முக்கோணத்தை மட்டும்
பிரித்துத் தரமுடியுமா?
தரலாம், ஊசித்துளை போகாது.
பரவாயில்லை.
முழுப் பையின் விலை ஆகும்.
அதுவும் பரவாயில்லை என்றார் ஐலர்ட்.
பெயர் ரசீதுக்காகக் கேட்டது.

ஒவ்வொரு தையலாய் அறுத்தேன்.
வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
இரு ஓரத்திலும் வரிசையாய்ப்
பொடிப்பொடியாய் வெளிச்சம்.
"இதெல்லாம் முன்பே இருந்ததா?"
"இல்லை. அது நான் போட்டது."
ஏனோ அதைக் கேட்டு நிம்மதியானார்.

மழை விட்டிருந்தது. தூவானம் விடவில்லை.
மீன்சந்தை முனையில் நின்று
சட்டைப்பையிலிருந்து பச்சையை எடுத்தார்,
உதறினார், உச்சந்தலையில் போட்டுக்கொண்டார்,
குடையில் எட்டில் ஒரு பங்கு,
அதுவும் ஒழுகும்.
அப்படியே டிராம் ஏறிப் போனார்.

ஏழு கறுப்போடு பை என்னிடம் நிற்கிறது,
பக்கவாட்டில் திறந்து.
இடைவெளியை அளந்து சுவரில் குறித்துவைத்திருக்கிறேன்.
செவ்வாய் இரவு தென்மேற்கிலிருந்து
புயல் என்கிறது வானொலி.
எந்த நிறமும் வரலாம்.
கறுப்புதான் வரும்.